ஒருவரே இரு சபைகளில்: றொபேட் மோசசும் நியூயோர்க் நகர நிருவாகமும் (1924–1968)

பொது அலுவல்களை ஒரே சபையின் கையில் ஒப்படையாது பல சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் வேலைச் சுமையைக் குறைப்பதற்காக மட்டும் எழுந்ததன்று. ஒரு சபை செய்ய விழைவதை மற்றொரு சபை ஆராய வேண்டும். வேண்டுமிடத்து மறுக்கவும் வேண்டும். திட்டம் வகுப்போர் ஒருசாராராகவும், அதனை அங்கீகரிப்போர் வேறொருசாராராகவும், அதற்குப் பணம் வழங்குவோர் பிறிதொருசாராராகவும் இருப்பதன் தாற்பரியம் இதுவே. இவ்வாசனங்களுள் இரண்டிலோ மூன்றிலோ ஒருவரே அமர்வாராயின், சபைகள் பெயரளவிற் பலவாக இருக்கும். தீர்மானம் ஒருவருடையதாகவே இருக்கும்.

அவ்வாறு அமர்பவர் கையூட்டுப் பெறுபவராயின் அவரைக் குற்றவியற் சட்டம் கவனித்துக்கொள்ளும். கையூட்டுப் பெறாதவராயின் யாது செய்வது என்பதே கடினமான வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் நியூயோர்க் நகரம் தக்கதோர் உதாரணத்தைத் தருகின்றது. 1924 முதல் 1968 வரை அந்நகரிலும் அம்மாநிலத்திலும் பூங்காக்கள், பாலங்கள், பெருந்தெருக்கள், வீடமைப்பு ஆகிய துறைகளில் ஆதிக்கம் செலுத்திய றொபேட் மோசஸ் (1888–1981) ஒரு காலத்திற் பன்னிரண்டு பொதுப் பதவிகளை ஒருங்கே வகித்தவர். மக்கள் வாக்கினால் எந்தப் பதவிக்கும் அவர் ஒருபோதும் தெரிவுசெய்யப்பட்டதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஒவ்வாப் பதவிகள் பற்றிய விதி

ஒருவரே இரு பதவிகளை வகிப்பது பற்றிய கவலை ஆங்கிலப் பொதுச் சட்டத்திற்குப் புதியதன்று. 1787ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட மில்வார்ட் எதிர் தாச்சர் என்னும் வழக்கு ஹேஸ்டிங்ஸ் நகரைப் பற்றியது. அந்நகரின் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் அதே நகரின் எழுதுவினைஞர் பதவியையும் வகிக்கலாமா என்பதே எழுந்த கேள்வி. இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாத பதவிகள் என நீதிமன்றம் கொண்டது. ஒவ்வாத இரண்டாவது பதவியை ஏற்பவர் முதலாவதை இழந்தவராவார் என்பது இவ்விதியின் சாரமாகும்.

இவ்விதி குடியேறியோருடன் அமெரிக்காவுக்கும் சென்றது. 1874இல் நியூயோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் றயன் எதிர் கிறீன் வழக்கில் இதனை விளக்கியது. ஒருவர் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் இருக்க இயலாமை மட்டும் ஒவ்வாமை ஆகாது; இரு பதவிகளின் கடமைகள் தம்முள் முரணுவதும், ஒன்று மற்றதற்குக் கீழ்ப்பட்டு அதன் மீளாய்வுக்கு உட்படுவதுமே ஒவ்வாமையாகும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. சட்டசபை உறுப்பினர் பதவியும் நீதிமன்றப் பிரதி எழுதுவினைஞர் பதவியும் அவ்வாறு முரணுவனவல்ல என்று அவ்வழக்கில் முடிவு செய்யப்பட்டது.

ஈண்டு கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, இவ்விதி மனிதரின் நேர்மையைப் பற்றியதன்று. பதவிகளின் இயல்பைப் பற்றியது. இரண்டாவது, இது நீதிபதிகள் வளர்த்த விதியாதலால், சட்டசபை விரும்பினால் ஒரு சட்டத்தின் மூலம் விலக்களிக்கலாம். மோசசின் எழுச்சிக்கு வழிவிட்டது இந்த இரண்டாவது வாயிலேயாகும்.

பூங்காக்களில் தொடங்கிய அதிகாரம்

யேல், ஒக்ஸ்போட் ஆகிய பல்கலைக்கழகங்களிற் கற்ற மோசஸ், பிரித்தானிய சிவில் சேவையைப் பற்றி ஆராய்ந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவ்வாராய்ச்சி 1914இல் நூலாக வெளிவந்தது. நியூயோர்க் நகரில் உத்தியோகங்களைக் கட்சிச் சிபாரிசின்றித் தகுதியின்படி வழங்கவேண்டும் என்று அவர் இளமையில் எடுத்த முயற்சி கட்சிக்காரரின் எதிர்ப்பினால் தோல்வியுற்றது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும் என்ற பாடத்தை அத்தோல்வியிலிருந்து அவர் கற்றார் எனலாம்.

அவ்வதிகாரத்தை அளித்தவர் ஆளுநர் அல்பிரட் ஸ்மித். 1924இல் மாநிலப் பூங்காக்கள் பற்றிய சட்டங்களை வரைந்தவர் மோசசே. அச்சட்டங்களின்படி லோங் ஐலண்ட் பூங்கா ஆணைக்குழு உட்படப் பல பிரதேச ஆணைக்குழுக்கள் இயங்கின. அவற்றின் தலைவர்கள் கூடி மாநிலப் பூங்கா மன்றமாக அமைந்தனர். பிரதேசங்களின் வரவு செலவுக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஒன்றுதிரட்டி ஆளுநருக்குச் சமர்ப்பிப்பது மன்றத்தின் கடமை. மோசஸ் லோங் ஐலண்ட் ஆணைக்குழுவுக்கும் தலைவர், மன்றத்துக்கும் தலைவர். பணம் கேட்பவரும் அக்கோரிக்கையை எடைபோடுபவரும் ஒருவராயினர். 1929இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற ஜோன்ஸ் கடற்கரைப் பூங்கா இவ்வேற்பாட்டின் விளைவுகளுள் ஒன்று.

இம்மன்றத்தின் கீழிருந்த டக்கோனிக் பிரதேச ஆணைக்குழுவுக்கு அக்காலத்தில் தலைமை தாங்கியவர் பிராங்ளின் றூஸ்வெல்ற். தமது பிரதேசத்துக்குரிய பணம் வெட்டப்பட்டபோது, வெட்டியவர் மற்றொரு பிரதேசத்தின் தலைவரும் ஆவார் என்பதை அவர் நேரிற் கண்டார். இருவருக்குமிடையே அன்று மூண்ட பகை பத்தாண்டுகளின் பின் நாட்டளவிலான பிரச்சினையாகியது.

1934ஆம் ஆண்டின் விலக்கு

1934 ஜனவரியில் பியரெல்லோ லா கார்டியா நியூயோர்க் மாநகர முதல்வரானார். நகரின் ஐந்து பிரிவுகளுக்கும் தனித்தனியே இருந்த பூங்கா நிருவாகங்களை ஒன்றாக்கி அதனை மோசசிடம் ஒப்படைக்க அவர் விரும்பினார். ஆயின் மாநிலப் பதவி வகிப்பவர் நகரப் பதவியையும் ஏற்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை. எனவே ஊதியமின்றி மாநிலப் பதவி வகிப்பவர் நகரப் பூங்கா ஆணையாளராகவும் இருக்கலாம் என்னும் ஏற்பாடு சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. அம்மசோதாவை வரைந்தவரும் மோசசே. அவ்வாண்டிலேயே, மன்ஹற்றன், பிறொங்ஸ், குயின்ஸ் ஆகிய மூன்று பகுதிகளை இணைப்பதற்காக 1933இல் அமைக்கப்பட்ட டிரைபரோ பால அதிகார சபையின் உறுப்பினராகவும் அவர் நியமிக்கப்பட்டார்.

இவ்வொருங்கிணைப்பை அன்று பெரும்பாலார் வரவேற்றதற்குத் தக்க காரணம் இருந்தது. பொருளாதார மந்தத்தில் ஆழ்ந்திருந்த நகரில் நிருவாகம் சிதறிக் கிடந்தது. வேலைகள் தொடங்கி நின்றுபோயின. மோசஸ் பொறுப்பேற்றபின் பூங்காக்கள் சில மாதங்களிற் புதுப்பொலிவு பெற்றன. 1936 கோடையில் மட்டும் 11 பெரிய நீச்சற் குளங்கள் திறக்கப்பட்டன. அவர் காலத்தில் நகரில் அமைக்கப்பட்ட விளையாட்டிடங்கள் 658 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்த ஆணையாளர் தமது மாநிலப் பூங்காப் பதவிகளுக்கு ஊதியம் பெறவில்லை. கையூட்டு வாங்கியதாக அவர்மீது எவரும் நிறுவியதுமில்லை. இத்தகையவருக்குப் பல பதவிகள் இருப்பதிற் கேடென்ன என்று மக்கள் வினவியது இயல்பே.

129ஆம் இலக்கக் கட்டளை

டிரைபரோ பால வேலை 1929 ஒக்டோபரில் ஆரம்பிக்கப்பட்டுப் பணமின்மையால் நின்றிருந்தது. சமஷ்டி அரசாங்கத்தின் பொதுவேலைகள் நிருவாகம் கடனாகவும் மானியமாகவும் 44 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒதுக்கியதனாலேயே அது மீண்டும் நடைபெற்றது. 1934 டிசெம்பர் 26ஆந் திகதி அந்நிருவாகத்தின் தலைவர் ஹரோல்ட் இக்கீஸ் 129ஆம் இலக்கக் கட்டளையைப் பிறப்பித்தார். ஒரு நகர எல்லைக்குள் அமையும் குறித்த திட்டமொன்றிற்கென நிறுவப்பட்ட அதிகார சபையின் உறுப்பினர் எவரேனும் அந்நகரின்கீழ் வேறு பதவி வகிப்பாராயின் அச்சபைக்குப் பணம் வழங்கப்படாது என்பது அதன் பொருள். பூங்கா ஆணையாளர் பதவியையோ பால அதிகார சபையையோ மோசஸ் விடவேண்டும். அன்றேல் பாலம் நிற்கும்.

கொள்கையளவில் இக்கட்டளையிற் குறைகாண்பது அரிது. நகரத்தினின்று வேறான சட்ட ஆளாக இருந்து, தன் பெயரிற் கடன்பட்டு, தன் கணக்கைத் தானே பேணுவதற்காகவே அதிகார சபை அமைக்கப்பட்டது. பாலமோ ராண்டல் தீவின் மேலாகச் சென்றது. அத்தீவைப் பூங்காவாக்கும் பொறுப்பு நகரப் பூங்காத் திணைக்களத்தினது. ஒரே தீவில் எச்செலவு பாலத்தினது, எச்செலவு பூங்காவினது என்று வகுக்கவேண்டிய இரு தரப்புகளிலும் ஒருவரே இருந்தார். இத்தகைய நிலையைத் தவிர்ப்பதற்கே 1787இன் விதி எழுந்தது.

எனினும் கட்டளையின் நோக்கம் அதன் கொள்கையினும் வேறானது. நியூயோர்க்கில் அதனாற் பாதிக்கப்பட்டோர் இருவர்: ஒருவர் மோசஸ்; மற்றவர் நகரக் குடியிருப்புக் கட்டட ஆணையாளராகவும் வீடமைப்பு அதிகார சபைத் தலைவராகவும் இருந்த லாங்டன் போஸ்ற். இலக்கு மோசசே என்பதையும், ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் விருப்பமே கட்டளைக்குப் பின்னிருந்தது என்பதையும் 1953இல் வெளியிடத் தொடங்கப்பட்ட இக்கீசின் நாட்குறிப்பு புலப்படுத்துகின்றது. இரு பதவிகள் கூடா என்று கட்டளையிட்ட இக்கீசே உள்நாட்டு அலுவல்கள் செயலாளராகவும் பொதுவேலைகள் நிருவாகத் தலைவராகவும் ஒரே காலத்தில் இருந்தவர்.

1935 ஜனவரித் தொடக்கத்தில் மோசஸ் இச்செய்தியைப் பத்திரிகைகளுக்கு அறிவித்தார். நகரிற் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. பத்திரிகைகளும் குடிமக்கள் சங்கங்களும் மோசசின் பக்கம் நின்றன. முன்னாள் ஆளுநர் ஸ்மித்தும் கண்டனக் குரல் எழுப்பினார். சில வாரங்களுக்கு முன்னர், 1934 நவம்பரில், ஆளுநர் தேர்தலிற் குடியரசுக் கட்சி அபேட்சகராக நின்று படுதோல்வியடைந்த மோசஸ், வஞ்சிக்கப்பட்ட வீரராக மக்கள் முன் தோன்றினார். ஈற்றில் 1935 மார்ச்சில், ஏற்கெனவே பதவியிலிருந்தோருக்குக் கட்டளை பொருந்தாது என்று கூறி இக்கீஸ் பின்வாங்கினார். 1936 ஜூலை 11ஆந் திகதி பாலம் திறக்கப்பட்டபோது ஜனாதிபதியும் மோசசும் ஒரே மேடையில் தோன்றினர்.

இந்நிகழ்ச்சி வெறும் ஆட்பகைக் கதையன்று. நல்ல விதியொன்று ஓர் ஆளை வீழ்த்தும் கருவியாகப் பயன்படுத்தப்பட்டதனால், ஆள் தப்பியபோது விதியும் மதிப்பிழந்தது. இரு சபைகளில் ஒருவர் இருப்பது தகுமா என்ற வினாவை அதன்பின் நியூயோர்க்கில் எழுப்பியவர்கள் மோசசின் எதிரிகள் என்றோ வேலையைத் தடுப்பவர்கள் என்றோ கருதப்பட்டனர். கால் நூற்றாண்டுக் காலம் அவ்வினா உரிய விடையின்றிக் கிடந்தமைக்கு 129ஆம் இலக்கக் கட்டளையும் ஒரு காரணமாகும்.

கடன் முறிகள் அமைத்த அரண்

1936இல் பால அதிகார சபையின் தலைவரான மோசஸ், அதன் சட்டத்தைத் திருத்தியமைப்பதில் ஈடுபட்டார். கட்டிய கடனைத் தீர்த்ததும் பாலத்தை நகரிடம் ஒப்படைத்துக் கலைந்துவிடுவதே அதிகார சபைகளின் ஆரம்ப இலட்சணம். 1930களின் பிற்பகுதியில் நிறைவேற்றப்பட்ட திருத்தங்கள் பழைய கடனைப் புதிய கடன் முறிகளால் மாற்றீடு செய்ய இடமளித்தன. கடன் தீராதவரை சபையும் கலையாது. சபையின் அதிகாரங்கள் முறிகளை வாங்கியோருடனான ஒப்பந்தத்திலும் இடம்பெற்றன. ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றலாகாது என்பது ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் விதி. எனவே சட்டசபை வழங்கிய அதிகாரத்தைச் சட்டசபையே எளிதில் மீளப்பெற முடியாத நிலை உருவாயிற்று.

பாலத்தைக் கடக்கும் வாகனங்களிடம் அறவிட்ட கட்டணம் ஆண்டுதோறும் பெருகியது. நகரம் பணமின்றித் தவிக்கையில், நகரின் பூங்கா ஆணையாளர் தலைமை தாங்கிய தனிச் சபையிடம் பணம் குவிந்தது. நகரம் எதைக் கட்டவேண்டும் என்ற கேள்வி, அச்சபை எதற்குப் பணம் தரும் என்ற கேள்வியாக மெல்ல மெல்ல மாறியது.

திட்ட ஆணைக்குழுவில் ஓர் ஆசனம்

1938 முதல் நடைமுறைக்கு வந்த நகரப் பட்டயம், நீண்டகால நோக்குடன் நகர வளர்ச்சியை ஆராய்வதற்கெனத் திட்ட ஆணைக்குழு ஒன்றை நிறுவியிருந்தது. அதன் தலைவர் ரெக்ஸ்போட் ரக்வெல் நகர் முழுவதற்குமான பெருந்திட்டமொன்றை முன்வைத்தபோது மோசஸ் அதனைக் கடுமையாகத் தாக்கி வீழ்த்தினார். ரக்வெல் 1941இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநராகச் சென்றார். அடுத்து மோசசே ஆணைக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு 1960 வரை அவ்வாசனத்தில் இருந்தார்.

1946இல் மாநகர முதல்வர் வில்லியம் ஓட்வையர் அவரை நகரக் கட்டுமான ஒருங்கிணைப்பாளராக்கினார். மாநில, சமஷ்டி அரசாங்கங்களோடு நகரின் கட்டுமானங்கள் பற்றிப் பேசும் உரிமை அதனால் அவருக்குக் கிடைத்தது. 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் சேரிகளை அகற்றுவதற்குச் சமஷ்டிப் பணம் வழங்க முன்வந்தபோது, நகரின் சேரி அகற்றற் குழுவுக்கும் மோசசே தலைவராக இருந்தார். இவ்வேற்பாட்டின் முரண்பாடு தெளிவானது. சேரி அகற்றற் குழு வகுத்த திட்டம் அங்கீகாரத்துக்காகத் திட்ட ஆணைக்குழுவுக்குச் செல்லும். அங்கே மோசஸ் உறுப்பினர். ஒருங்கிணைப்பாளர் முன்மொழிந்த பெருந்தெருவும் அங்கேயே செல்லும். 1874இல் நீதிமன்றம் கூறிய இலக்கணத்தின்படி, மீளாய்வு செய்யும் ஆசனமும் மீளாய்வுக்கு உட்படும் ஆசனமும் ஒருவரிடமே இருந்தன.

1954இல் பதவியேற்ற மாநகர முதல்வர் றொபேட் வாக்னர், மோசசைத் திட்ட ஆணைக்குழுவில் மீண்டும் நியமிக்காதுவிட எண்ணினார் என்றும், எல்லாப் பதவிகளையும் துறப்பதாக மோசஸ் மிரட்டவே அவரது நியமனப் பத்திரத்திற் கையொப்பமிட்டார் என்றும், 1974இல் மோசசின் வரலாற்றை எழுதிய றொபேட் கரோ கூறுகின்றார். பல பதவிகளை வகிப்பவரை ஒரு பதவியிலிருந்து மட்டும் நீக்குவது இயலாதென்பதை இது காட்டுகின்றது. அவ்வாண்டிலேயே ஐக்கிய அமெரிக்க மேற்சபைக் குழுவொன்றின் விசாரணை, மன்ஹற்றன் ரவுண் என்னும் திட்டத்தில் நிலத்தைப் பெற்ற முதலாளிகள் கட்டடங்களை இடித்து வீடமைக்காது பழைய குடியிருப்பாளரிடம் வாடகை வாங்கிக்கொண்டிருந்ததை வெளிப்படுத்தியது. மோசஸ் தாமாகப் பணம் பெற்றதாக ஒருவரும் கூறவில்லை. ஆனால் அக்குழுவின் செயல்களை நகருக்குள் ஐயத்தோடு நோக்கவேண்டிய ஆணைக்குழுவில் அக்குழுவின் தலைவரே அமர்ந்திருந்தார்.

ஈஸ்ற் றிமோன்ற் மக்களின் முறையீடு

இத்தகைய ஏற்பாட்டின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதை பிறொங்ஸ் பகுதியின் ஈஸ்ற் றிமோன்ற் காட்டுகின்றது. 1952 டிசெம்பர் 4ஆந் திகதியிட்ட கடிதங்கள் அங்கே வீடு வீடாக வந்தன. குறுக்குப் பெருந்தெருவின் பாதையில் அவர்களது கட்டடங்கள் அமைந்துள்ளன, 90 நாட்களுள் வெளியேற வேண்டும் என்பது அவற்றின் சாரம். கையொப்பம் நகரக் கட்டுமான ஒருங்கிணைப்பாளர் றொபேட் மோசசினது. ஒரு மைல் நீளமான அப்பகுதியில் அழியவிருந்த குடியிருப்புகள் 1,530. அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலார் சாதாரண வருமானமுடைய யூதக் குடும்பத்தினர்.

குடியிருப்பாளர் ஒரு மாற்றுப் பாதையை முன்வைத்தனர். சிறிது தெற்கே, குறொற்றோனாப் பூங்காவின் ஓரமாகப் பாதையைத் திருப்பினால் ஆறு கட்டடங்களை மட்டும் இடித்தாற் போதும் என அவர்களது பொறியியலாளர் காட்டினர். இதனை யாரிடம் முறையிடுவது? திட்டத்தை வகுத்த ஒருங்கிணைப்பாளர் மோசஸ். நகர வளர்ச்சியை ஆராயும் ஆணைக்குழுவிலும் மோசஸ். இறுதித் தீர்மானம் மாநகர முதல்வரும் பிரிவுத் தலைவர்களும் அடங்கிய மதிப்பீட்டுச் சபையினுடையது என்பது உண்மையே. ஆனால் அச்சபையினர் ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்கு வேண்டிய தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் மோசசையே நாடவேண்டியிருந்தது. தேர்தற் காலத்தில் மாற்றுப் பாதையை ஆதரிப்பதாக வாக்களித்த வாக்னரும் பதவியேற்றபின் பழைய பாதைக்கே இணங்கினார். கட்டடங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் சிதறினர்.

மோசஸ் தெரிந்தெடுத்த பாதை பொறியியல் நோக்கிற் சரியானதா என்பது இங்கு முதன்மையான கேள்வியன்று. மாற்றுப் பாதையை அவரல்லாத ஒருவர் சுதந்திரமாக ஆராய்ந்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறக்கூடிய ஓரிடம் அம்மக்களுக்கு இருக்கவில்லை என்பதே முதன்மையானது.

வீழ்ச்சியும் ஒரு முரண்நகையும்

1960இல் உலகக் கண்காட்சியின் தலைமையை ஏற்றபோது மோசஸ் நகரப் பதவிகளைத் துறந்தார். 1962இல் ஆளுநர் நெல்சன் றொக்பெல்லர், மாநிலப் பூங்கா மன்றத் தலைமையைத் தமது தம்பி லோரன்சுக்கு அளிக்க விரும்பினார். மோசஸ் வழக்கம்போல் மாநிலப் பதவிகள் யாவற்றையும் துறப்பதாக மிரட்டினார். றொக்பெல்லர் அத்துறவை ஏற்றுக்கொண்டார். எஞ்சியவற்றுள் முதன்மையானது பால அதிகார சபை.

1968 மார்ச் 1ஆந் திகதி அதுவும் மாநிலத்தின் புதிய பெருநகரப் போக்குவரத்து அதிகார சபையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கடன் முறிகளின் அரண் தம்மைக் காக்கும் என மோசஸ் நம்பியிருந்தார். முறியாளரின் பொறுப்பாளராக இருந்த சேஸ் மன்ஹற்றன் வங்கி வழக்கும் தொடுத்தது. ஆனால் அவ்வங்கியின் தலைவர் ஆளுநரின் மற்றொரு தம்பியான டேவிட் றொக்பெல்லர். வழக்கு இணக்கத்தில் முடிந்தது. நலன் முரண்பாட்டின் நிழலில் எழுந்த ஆதிக்கம் அரசாங்கமும் வங்கியும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த மற்றொரு முரண்பாட்டின் நிழலிலேயே வீழ்ந்தது.

புதிய ஏற்பாட்டிலும் போக்குவரத்து அதிகார சபையின் உறுப்பினரே பால அதிகார சபையின் உறுப்பினருமாயினர். ஆயினும் இதனை மோசசின் பல பதவிகளோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. பாலங்களின் மிகுதி வருமானத்தை நகரின் ரயில், பஸ் சேவைகளுக்கு உதவச் செய்தல் என்ற ஒரே நோக்கத்துக்காக, ஒன்றையொன்று மேற்பார்வை செய்யும் கடமையில்லாத சபைகள் வெளிப்படையாக இணைக்கப்பட்டன.

முடிவாக நோக்குமிடத்து, ஒருவர் இரு சபைகளில் இருப்பதெல்லாம் தவறென்று கூறுவதற்கில்லை. ஒருங்கே செயற்படவேண்டிய சபைகளை ஒருவர் இணைப்பது வேறு. ஒன்றையொன்று ஆராய்வதற்காகவே பிரிக்கப்பட்ட சபைகளை ஒருவர் இணைப்பது வேறு. முன்னையது வேலையை விரைவாக்கும். பின்னையது மறுப்பைக் கொன்றுவிடும். இவ்வேறுபாட்டை அளக்கும் கோல் பதவி வகிப்பவரின் நேர்மையன்று. நேர்மையானவரென்று நம்பியே 1934இல் நியூயோர்க் தன் விதிக்கு விலக்களித்தது. அந்நம்பிக்கையின் விலையை ஈஸ்ற் றிமோன்ற் மக்கள் கொடுத்தனர். விதியானது ஆளைக் காணுமுன்பே ஆக்கப்பட வேண்டும். ஆளைக் கண்டபின் ஆக்கப்படும் விதி அவருக்குச் சலுகையாகவோ அவர்மீது பழியாகவோ முடியும் என்பதையே 1934ஆம் ஆண்டின் சட்டமும், அவ்வாண்டு முடியுமுன் பிறந்த 129ஆம் இலக்கக் கட்டளையும் ஒருசேர உணர்த்துகின்றன.